திரும்புதலுக்குச் சாட்சி இல்லை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்லும் நாம் எல்லோரும் ஒருமுறையாவது அந்த ஏமாற்றத்தை அறிந்திருப்போம். இரவெல்லாம் பயணம் செய்து, விடியலில் பேரருவியின் அடியில் போய் நிற்கிறோம். தலையில் தண்ணீர் விழத் தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகியிராது, காவலரின் விசில் ஒலிக்கிறது. மலையில் மழை, வெளியே வாருங்கள் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்திருக்கிறது. பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியிலிருந்து வழியும் நீரில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஈரத்துணியோடு ஒதுங்கிக் காத்திருக்கிறோம். ஒரு மணி நேரம் கழிந்தும் அருவி பெருகாவிட்டால் நம்மில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "ஒண்ணும் ஆகலையே, சும்மா வெரட்டி விட்டுட்டாங்க."

மிகச் சாதாரணமாக நம் வாயில் வரும் அந்த "ஒண்ணும் ஆகலையே" என்ற சொல்லுக்குள், உயிர் பிழைத்தலைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது.

அருவியின் அடியில் நிற்கும் நமக்குத் தெரிவது, மலை கடைசியாகக் காட்டும் முகம் மட்டுமே. தேனருவிக்கும் செண்பகாதேவி அருவிக்கும் மேலே, கண்ணுக்கு எட்டாத காட்டில் பெய்யும் மழை, பாறைச் சரிவுகளில் தங்க இடமின்றி ஓடையோடு ஓடை சேர்ந்து இறங்குகிறது. அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அந்த அடையாளங்கள் நம் கண்ணில் படும்போது மிச்சம் இருப்பவை சில கணங்கள்தாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சில கணங்களே கிடைத்தன. பலர் ஓடித் தப்பினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோனது. சற்று முன்புவரை அவன் நின்ற இடம், எல்லோரும் மகிழ்ந்து நின்ற இடம்தான்.

மலையின் ஆபத்து நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம் இது. ஆபத்தைப் பற்றிய அறிவு முழுமையடையும் நேரமும், அதிலிருந்து விலகும் வாய்ப்பு முடிந்துபோகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. முழுதும் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு, முடிவெடுக்க எதுவும் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே உயிரைக் காக்கும் முடிவு எப்போதும் அரைகுறை அறிவோடுதான் எடுக்கப்படுகிறது.

குற்றாலத்தின் திரிகூட மலையைவிடப் பன்மடங்கு உயர்ந்த மலையிலும் இதுவே நியதி. 1996 மே 10 அன்று எவரெஸ்டின் இரு பக்கங்களிலிருந்தும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே ஏறுவோர் அறிந்த விதி. அந்த நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உடலோடு சேர்ந்து தீர்ப்பு சொல்லும் அறிவும் அங்கே தளர்ந்துவிடுகிறது. தளராத மனம் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவை, தளர்ந்த மனம் கேட்டு நடக்க வேண்டும். அன்று பிற்பகல் 2 மணிக்குப் பின்னும் பலர் மேல்நோக்கியே ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலையில் பனிப்புயல் வந்தது. 8 பேர் மாண்டார்கள். அவர்களில் 3 பேர் வடக்குப் பக்கமாக ஏறிய நம் இந்திய–திபெத் எல்லைக் காவல் படையினர். அவர்களையும் சேர்த்து அந்தப் படையிலிருந்து உச்சிக்குப் புறப்பட்டவர்கள் மொத்தம் 6 பேர். பாதி வழியில் திரும்பிய மற்ற 3 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

தெற்குப் பக்கத்திலும் ஓர் அணியைச் சேர்ந்த 3 பேர், முற்பகல் 11.30 மணியளவில், உச்சி இன்னும் சில மணி நேரத் தொலைவில் இருக்கும்போதே திரும்பினார்கள். அவர்கள் திரும்பியபோது புயல் இல்லை. அவர்கள் செய்தது சரி என்று பிற்பாடு புயல் வந்து சாட்சி சொன்னது. அந்தப் புயல் வராமலே போயிருந்தால்? பல ஆண்டு உழைப்பையும் பெரும்பொருளையும் செலவிட்டு, கைக்கு எட்டியதை விட்டுவிட்டோமே என்ற எண்ணத்தோடு அவர்கள் எஞ்சிய வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவர்கள் எடுத்த முடிவில் ஓர் அணுவும் மாறியிருக்காது. அதன் அறிவும் குறைந்திருக்காது. குறைந்திருப்பது சாட்சி ஒன்றுதான்.

தவறான துணிச்சலின் விளைவை உலகம் பார்க்கிறது, செய்தியாக எழுதுகிறது, நினைவில் வைக்கிறது. சரியான விலகலின் விளைவோ, நடக்காமல் போன ஒன்று. நடக்காததை யார் பார்க்க முடியும்? காலில் செருப்போடு சுகமாக வீடு திரும்பியவனிடம், நீ இன்று எதிலிருந்து தப்பினாய் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. தான் தப்பினோமா, வீணாக அஞ்சினோமா என்பதே அவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடு வாழ ஒப்புக்கொள்வதுதான் விவேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

துணிவு என்ற சொல்லை நாம் தைரியம் என்ற பொருளில் மட்டுமே புழங்கிவருகிறோம். அதற்குத் தெளிந்து முடிவு செய்தல் என்ற பொருளும் உண்டு. அதன் உறவுச்சொல்லான துணித்தல் என்றால் வெட்டுதல். இதுவரை நடந்த தூரம், செலவழித்த காசு, உடன் வந்தவர்களின் பார்வை, ஊரில் சொல்லிவிட்டு வந்த சொல் என்று நம்மை மேலே மேலே இழுக்கும் கயிறுகள் பல. அவற்றைத் தன் கையாலேயே வெட்டிவிட்டுத் திரும்பி நடப்பவனிடம் இருப்பது அச்சம் என்று நாம் எண்ணுவது, அந்தச் சொல்லின் பாதியை மறந்ததால்தான்.

மலை ஏறாதவர்களுக்கும் இந்த அறம் பொருந்தும். முந்திச் செல்ல இடமிருந்தும் வளைவில் வேகம் குறைத்த ஓட்டுநரும், கடனுக்குக் கிடைத்த பெருந்தொகையை வேண்டாம் என்று சொன்ன குடும்பத் தலைவியும், நாவின் நுனிவரை வந்த கடுஞ்சொல்லை விழுங்கிக்கொண்ட தகப்பனும், தாங்கள் எதைத் தடுத்தோம் என்பதை ஒருநாளும் அறியப்போவதில்லை. ஆயினும் நாம் அனுபவிக்கும் அமைதியான நாட்களில் பெரும்பகுதி, இப்படி யாரும் அறியாமல், எடுத்தவரே உறுதியாக அறியாமல், புகழும் நிரூபணமும் கேட்காமல் எடுக்கப்பட்ட எண்ணற்ற முடிவுகளின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. விளைவைக் கண்டு செயலை மதிப்பிடும் பழக்கத்தை விட்டு, அந்த நேரத்தில் தெரிந்ததைக் கொண்டு உயிருக்கு மரியாதை செய்தோமா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் நமக்கு விவேகம் பிடிபடுகிறது.

அடுத்த முறை குற்றாலத்தில் விசில் ஒலிக்கும். நாமும் நனைந்தும் நனையாமலும் வெளியே வருவோம். அருவி பெருகாமலே அந்த நாள் முடியலாம். உடன் வந்த பிள்ளை நம் முகத்தைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கும். ஆமாம், ஒன்றும் ஆகவில்லை என்று அதன் தலையைத் துவட்டியபடி நன்றியோடு சொல்வோம்.