ஊட்டுவதன் அறம்

தேனீ என்றதும் தேனே நினைவுக்கு வருகிறது. ஆனால் கூட்டில் பொரிக்கும் புழுவின் முதல் உணவு தேன் அன்று. பணித்தேனீயின் தலையில் சுரக்கும், பாலையொத்த ஊட்டம்.

அறையிலிருந்து வெளிவந்து சில நாட்களே ஆன பணித்தேனீக்கள் செவிலித்தாயர் ஆகின்றன. மூத்தவை சேர்த்துவைத்த மகரந்தத்தை உண்டு, அதன் புரதத்தைத் தம் சுரப்பிகளில் பாலாக்கிப் புழுக்களுக்குத் தருகின்றன. முதல் மூன்று நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் இதுவே உணவு. பின்னர் பணித்தேனீயாக வேண்டியவை தேனும் மகரந்தமும் கலந்த உணவைப் பெறுகின்றன. ராணியாக வேண்டியதோ இறுதிவரை அரசக்கூழையே பெறுகிறது. முட்டை ஒரே வகை. ஊட்டமே வாழ்வை வேறாக்குகிறது.

ஊட்டுபவை பெற்ற தாயர் அல்ல, தமக்கையர். சில நாட்களில் சுரப்பிகள் சுருங்கிவிட, அவை வேறு பணிகளை ஏற்று, இறுதியில் மலர் தேடிப் பறக்கின்றன. அவை கொணரும் மகரந்தம் அடுத்த செவிலியரின் உணவாகிறது.

இதனைத் தியாகம் எனலாமா? தேனீயால் வேறுவிதமாக நடக்க இயலாது. இயல்பின் வழி நிகழ்வது வியப்புக்குரியது. அறம் என்ற சொல்லோ, கொடாமலும் இருக்க வல்லவன் கொடுக்கும்போதே பொருந்தும்.

கோலார் தங்கவயலின் வரலாறு இக்கேள்வியை மேலும் கடினமாக்குகிறது. 1880களில் அங்கே பெருஞ்சுரங்கப் பணி வளர்ந்தபோது, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் திரளாகச் சென்றனர். காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. உடலை வாட்டும் வெப்பத்தில் உழைத்தவர் பலருடைய நுரையீரலில் கல்தூள் படிந்து சிலிக்கோசிஸ் நோயாயிற்று. அவர்களை இறக்கியது வறுமை. அதில் விருப்பம் சிறிதே. ஆயினும் ஈட்டிய கூலியைப் பிள்ளைகளின் உணவாகவும் கல்வியாகவும் மாற்றியது அவர்களது அன்பு. தேனீயிடம் இல்லாத அறம் அங்கே பிறந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூரார் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்பலாயினர்.

தேன்கூட்டில் கொடுக்கப்பட்டது கூட்டுக்குள்ளேயே நின்று வளர்கிறது. தங்கவயலிலோ பொன் வெளியேறியது; தூசி உழைத்தவரின் மார்பில் தங்கியது. ஆதலின் தியாகத்தைப் புகழ்வது மட்டும் போதாது. அப்புகழ், பெற்றவரின் கடனை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

கூட்டில் ஊட்டம் பெற்ற புழு சில வாரங்களில் தானே செவிலி ஆகிறது. அது இயல்பால் நிகழ்கிறது. மனிதனோ அதனை உணர்ந்து, விரும்பி ஏற்க வேண்டும். பிறர் உழைப்பில் வளர்ந்தவன் மற்றொருவரை வளர்க்கத் தொடங்கும் நாளில்தான், அவன் உண்ட உணவு உண்மையில் செரித்ததாகும்.