உயிரணுவில் ஒரு தலையெழுத்தா?

"தலையெழுத்து" என்றனர். "எழுதியதை அழிக்க எவரால் ஆகும்?" என்று கேட்டனர். பாட்டி மாண்டாள், தாய் மாண்டாள், மகளும் மார்பிலே கட்டி கண்டு மடிந்தாள். குடும்பத்தின் மீது விழுந்த சாபம் என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக் கொண்டனர். எழுதியது எது, எந்த எழுத்தில் எழுதியது, அதை ஏன் படித்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டவர் இல்லை. விஞ்ஞானம் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், படித்தும் காட்டிற்று!

அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் அம்மையார், வழிவழியாக மார்பகப் புற்றுநோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17-வது குரோமோசோமில் உள்ளது என்று 1990-ல் அறிவித்தார். 1994-ல் அந்த மரபணு பிரித்தறியப்பட்டது. பி.ஆர்.சி.ஏ.1 என்பது அதன் பெயர். சிதைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடுவது அதன் பணி. அதிலே பிழை நேர்ந்தால், உடல் காவல் இழந்த கோட்டையாகிறது.

சிறு துளிக் குருதியிலே அந்தப் பிழையைக் காண்பது எப்படி? 1983-ல் காரி மல்லிஸ் வழி கண்டார். சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். சூடு தணிந்ததும், வேண்டிய பகுதியின் இரு எல்லைகளிலும் சிறு துணுக்குகள் ஒட்டும். அங்கிருந்து ஒரு நொதி, ஒவ்வோர் இழைக்கும் துணையிழை பின்னும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 முறை நடந்தால், கணக்குப்படி ஒன்று 107 கோடியாகும்! அவ்விதம் பெருக்கிய பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தால் பிழை புலப்படும். இம்முறைக்காக மல்லிஸ் 1993-ல் நோபல் பரிசு பெற்றார்.

"அப்படியானால் விதி உண்டு என்றுதானே விஞ்ஞானமும் கூறுகிறது?" என்று கேட்பர் சிலர். இல்லை என்கிறோம் நாம். விதி பணியச் சொல்லும். விஞ்ஞானம் விழித்தெழச் சொல்லும். இம்மரபணுவில் கேடான மாற்றம் கொண்ட பெண்களில், நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் காணக்கூடும். காணாமலே வாழ்வோரும் உண்டு. அறிந்தவர் ஆண்டுதோறும் சோதித்து, நோயை முளையிலேயே கிள்ளலாம்; அறுவையால் ஆபத்தைக் குறைக்கலாம். இந்த மாற்றத்தைத் தாய் மட்டுமல்ல, தந்தையும் தருவார். மகள் மட்டுமல்ல, மகனும் பெறுவான். "அவள் பிறந்த வீட்டுச் சாபம்" என்று மருமகளைப் பழிக்கும் வாய்கள் இனியேனும் மூடட்டும்!

ஆனால், நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்தும் பழைய கொடுமை, விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக் கொண்டு வரலாம். முன்பே வந்ததுண்டு. அறிவுக்குறை மரபுவழி வருவது என்று கூறி, ஓர் இளம்பெண்ணுக்கு விர்ஜீனியா மாநிலம் வலிந்து கருத்தடை செய்வது சரியே என 1927-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது! மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கலாகாது என்று அந்நாடு சட்டம் செய்தது 2008-ல்தான். ஆயுள் காப்பீட்டுக்கு அந்தச் சட்டத்தின் காவல் இல்லை.

"வேதம் உன் காதில் விழலாகாது" என்றது சனாதனம். "உன் உடலின் ஏட்டைப் படிக்க எமக்குப் பணம் கட்டு" என்றது வணிகம். மிரியட் என்னும் நிறுவனம் அந்த மரபணுவின் மீதே காப்புரிமை பெற்று, சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கிற்று. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் எவரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்று, 2013-ல் அதே உச்சநீதிமன்றம் ஒருமனதாகக் கூறிற்று. 1927-ல் தவறிய தராசு, அன்று நேராக நின்றது.

எழுத்தைப் படிக்கும் ஆற்றல் மனிதனுக்கு வந்துவிட்டது. அதைப் படிக்கும் உரிமை ஏழைக்கும் வேண்டும். படித்ததைக் காட்டி எவரையும் ஒதுக்கும் உரிமை எவருக்கும் வேண்டாம். இவ்விரண்டும் வாய்க்காத இடத்தில், சாபம் என்ற சொல் போய்விடும். சாபம் மட்டும் போகாது.