வேலியும் வண்டும்

ஒருவர் நம்மை நம்பி ஒரு பொருளை ஒப்படைக்கிறார். கண்ணும் கருத்துமாக அதைக் காத்து, உரியவரிடம் சேர்க்கிறோம். பெற்றுக்கொண்டவர் பிரித்துப் பார்த்தால் பொருள் வேறாக இருக்கிறது. நாம் திருடவில்லை, மாற்றி வைக்கவும் இல்லை. என்றாலும் கொடுத்தது நம் கை. இதற்கு நாம் பொறுப்பா, இல்லையா? நீதி நூல்களைப் புரட்டினால் விடை கிடைக்கலாம். எனக்கு இந்தக் கேள்வி நீதி நூலிலிருந்து வரவில்லை. ஓர் அவரைப் பந்தலிலிருந்து வந்தது.

செய்யூரில் எங்கள் வீட்டுக் கொல்லை ஒன்றும் பெரியதல்ல. கிணற்றுக்கும் பின்வேலிக்கும் இடையே நாலு கால் நட்டுப் பந்தல் போடுகிற அளவுக்கு இடம். உப்பளத்தைத் தாண்டி வரும் காற்று. மணல் கலந்த மண். அதில் என் அத்தை வருஷந்தோறும் ஆடியில் அவரை ஊன்றுவாள். பூ வெள்ளை, காய் வெளிர்பச்சையாகப் பட்டையாக இருக்கும். எத்தனை மழை பெய்தாலும், எவ்வளவு எருவிட்டாலும், பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் அது பூக்கும். பனிக்காலத்தில் அவரை பூக்கும் செய்தி குறுந்தொகையிலேயே இருக்கிறது. ஆகையால் இது அத்தைக்கும் அவள் மாமியாருக்கும் முற்பட்ட பழக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கொடியின் நடுப்பகுதியில் காய்த்த நல்ல காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுவாள். அவை கொடியிலேயே சலசலவென்று காய்ந்த பிறகு உரித்து, வெயிலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைப்பாள். குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும், புகுந்த வீட்டுக்குப் போகிற அன்று ஒரு கைப்பிடி விதையை அவள் முந்தானையில் முடிந்துவிடுவாள். நகை வந்து போகும்; இந்த விதை போகாது என்பது அத்தையின் நம்பிக்கை.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அவள் முடியவில்லை. அவள் என் தங்கையின் மகள். தானாகவே ஒருவனைத் தேர்ந்தெடுத்து, வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தை சண்டை போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. சுரைக்குடுக்கையை மட்டும் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மற்றெல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அத்தை காலமான பிறகு குடுக்கை என் பொறுப்புக்கு வந்தது. இரண்டு வருஷம் நானே பயிரிட்டேன். பிறகு ஒரு நாள், செங்கல்பட்டில் இருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், ஆறு விதைகளை எண்ணி அவள் கையில் வைத்தேன். “அத்தையோட அசல் விதை. உனக்குச் சேர வேண்டியது” என்றேன். ஒரு பழைய அநியாயத்தைத் தீர்த்துவிட்ட பெருமை என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கினாள். நானும் திருப்தியோடு பஸ் ஏறினேன்.

மார்கழியில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. ஆறும் முளைத்துப் பந்தலேறிப் பூத்துவிட்டன. ஐந்து கொடிகளில் வெள்ளைப் பூ. ஆறாவதில் ஊதாப் பூ. காயின் ஓரத்திலும் ஊதா ஓடியிருந்ததாம். விளையாட்டாகப் பேசுகிறவள்போல் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில், “ஆறுல ஒண்ணை மட்டும் வேறயாப் போட்டீங்களே மாமா, அந்த ஒண்ணு நான்தானா?” என்று கேட்டாள்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

நடந்தது என்ன என்று யோசித்துப் பார்க்கச் சிரமமில்லை. கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷமானாலும் அதில் தாவர இயல் இருந்தது. அவரைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பூ விரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு ஒன்று பூவின்மேல் வந்து உட்கார்ந்தால், அதன் கனத்தில் படகுபோன்ற கீழிதழ் தாழ்கிறது; உள்ளே மறைந்திருக்கும் சூல்முடி வெளியே வந்து வண்டின் உடம்பில் உரசுகிறது. வண்டு சற்று முன்னால் பக்கத்து வீட்டு ஊதா அவரையில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தால், அந்த மகரந்தம் இந்தப் பூவுக்கு வந்து சேர்கிறது. வேலி மாட்டைத் தடுக்கும், வண்டைத் தடுக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கலப்பு நடந்த வருஷத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. காயும் தாயுடையது, விதையின் மேல்தோலும் தாயுடையது. வெளிர்பழுப்பு நிறமும் விளிம்பில் வெள்ளைக் கோடுமாக, ஆறு விதைகளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல்தான் இருந்தன. உள்ளே இருந்த கருவுக்கு மட்டும் தகப்பன் வேறு. அது மறு வருஷம் முளைத்துப் பூத்த பிறகே தெரியும். அதற்குள் விதை கை மாறிவிடுகிறது, வாக்கும் கொடுத்தாகிவிடுகிறது.

“தெரியாமல் நடந்தது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இரவில் படுத்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. தெரியாமையிலும் வகை உண்டு அல்லவா? எந்த மனிதனாலும் அறிய முடியாதது ஒன்று. முயன்றால் அறிந்திருக்கக்கூடியது ஒன்று. அறிந்துகொள்ள விரும்பாமல் விட்டது ஒன்று. அந்த ஒரு விதையின் உள்ளே இருப்பதை என்னால் அறிந்திருக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் வேலிக்கு அப்பால் ஊதா அவரை பூத்திருந்ததை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய காயைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டும் இருக்கிறேன். கருவண்டையும் பார்த்தேன், ஒரு தொடர்கதையில் அதை வர்ணித்துக்கூட எழுதினேன். மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்திருந்தால் ‘அசல்’ என்ற சொல்லை அத்தனை எளிதாக உதிர்த்திருக்க முடியாது. அந்தச் சொல்லில்லாமல் நான் செய்த தர்மம் சற்றுச் சிறுத்துப் போயிருக்கும்.

மெண்டல் என்ற கிறிஸ்தவத் துறவியைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். 1856ஆம் ஆண்டு முதல், இன்றைய செக் நாட்டில் உள்ள பிரனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து கலந்து பார்த்தவர். அவர் கண்டதை 1866இல் அச்சிட்டும் உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900இல்தான் அதன் அருமை தெரிந்தது. ஊதாவையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் ஊதா. அடுத்த தலைமுறையில் வெள்ளை திரும்பி வருகிறது. 705 செடிகளில் ஊதா, 224 செடிகளில் வெள்ளை என்று அவர் எண்ணி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

ஆனால் என்னை வெட்கப்பட வைத்தது இந்தக் கணக்கு அல்ல. ஆராய்ச்சியைத் தொடங்குமுன் அவர் 34 வகைப் பட்டாணிகளை வாங்கினார். விற்றவர்கள் சொன்ன பெயரை நம்பிவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் விதைத்து, மாறாமல் வருகின்றனவா என்று பார்த்து, அவற்றில் 22 வகைகளையே வைத்துக்கொண்டார். ‘அசல்’ என்று சொல்வதற்கு ஒரு மனிதர் இரண்டு வருஷம் காத்திருந்தார். நான் கையிலெடுத்த கணத்திலேயே சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் வேறொன்றும் ஞாபகம் வந்தது. சிறு வயதில் ஒரு மார்கழிக் காலையில் அத்தை பந்தலடியில் குனிந்து, நன்றாகப் பூத்திருந்த ஒரு கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். “ஏன் அத்தை?” என்று கேட்டேன். “இது நம்ம வீட்டுப் புள்ளை இல்லடா” என்றாள். அந்தக் கொடியில் ஊதாப் பூ இருந்தது.

அப்படியானால் வண்டு அவள் காலத்திலும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அவள் விதை தூய்மையாக இருந்ததற்குக் காரணம் அதில் எதுவும் கலக்கவில்லை என்பதல்ல. கலந்ததையெல்லாம் அவள் பிடுங்கி எறிந்தாள். நாங்கள் பரம்பரை என்று கொண்டாடியது, ஒரு கை இடைவிடாமல் செய்துவந்த வேலை. சற்றுப் பின்னால் போனால் பரம்பரைக்கும் ஆட்டம் காண்கிறது. நாட்டு அவரை என்று நாம் சொல்வதன் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்பது தாவர இயலார் பெரும்பாலோர் கருத்து. யாரோ கொண்டுவந்து, யாரோ ஊன்றி, நம்முடையதாயிற்று.

“அப்படியானால் எல்லாம் கலந்து போகட்டும் என்கிறாயா?” என்று வாசகர் கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். அத்தை கொடியைப் பிடுங்கியதில் தவறு இல்லை. அந்தச் சுவையும், பட்டையான காயும், இந்த உவர் காற்றைத் தாங்கும் குணமும் வேண்டுமென்றால் யாராவது காவல் இருக்கத்தான் வேண்டும். காவலில்லாமல் எத்தனையோ நாட்டு விதைகள் தமிழ்நாட்டில் அழிந்துபோயின. நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து பழைய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்திராவிட்டால் இன்னும் பல போயிருக்கும். விதையைக் காப்பது நல்ல காரியம்.

தவறு அந்தக் கையைக் கொல்லையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது. அவரைக்கு ஒரு தோட்டக்காரன் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று வெளியே நின்று தீர்மானிப்பவன் அவன்; தின்னப்போகிறவனும் அவன். மனிதருக்கு அப்படி வெளியே நிற்கும் தோட்டக்காரன் யார்? இன்னொரு மனிதன்தான் அந்த இடத்தில் ஏறி நின்றுகொள்கிறான். பந்தலில் உள்ள ஒரு கொடி மற்றொரு கொடியைப் பார்த்து, ‘நீ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை’ என்கிறது. அத்தை தன் தோட்டத்தில் கற்ற நியாயத்தைத் தன் பேத்தி முறைப் பெண்ணிடம் செலுத்தினாள். அவள் கெட்டவள் அல்ல. ஒரு தொழிலில் சரியாக இருந்த நியாயம் வாழ்க்கை முழுவதற்கும் செல்லும் என்று நம்பிவிட்டாள். நம்மில் எத்தனை பேர் நம்பவில்லை?

என் பங்குக்கு வருகிறேன். விதை கலந்தது என் குற்றமல்ல. கலந்திருக்கலாம் என்பதை மறைத்து, உறுதிமொழியோடு கொடுத்தது என் குற்றம். 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விளைச்சலில் விதை எடுக்கவும், பகிர்ந்துகொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் வணிகப் பெயர் போட்டு விற்கும் உரிமையை மட்டும் தரவில்லை. சட்டம் இயற்றியவர்கள் நினைத்தது வேறு வியாபாரமாக இருக்கலாம். எனக்கு அதில் ஒரு பாடம் தென்பட்டது: விதையைத் தாராளமாகக் கொடு, பெயரைக் கொடுக்கும்போது யோசி. பெரியவர்கள் நமக்கு விட்டுப்போனவற்றுக்கெல்லாம் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. கதையாகட்டும், வழக்கமாகட்டும், குடும்பப் பெருமையாகட்டும், நம் கைக்கு வந்தபோது எப்படி இருந்தது, நம்மிடம் இருந்த காலத்தில் வேலி எங்கே இருந்தது, அடுத்த கொல்லையில் என்ன பூத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதுதான் நாணயம். மாறவே இல்லை என்று சத்தியம் செய்பவன் பெரும்பாலும் பார்க்கவே இல்லை.

தை பிறந்ததும் செங்கல்பட்டுக்குப் போனேன். வண்டையும் வேலியையும் பற்றிச் சொன்னேன். ‘அசல்’ என்று சொன்னது தவறு என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பந்தலடிக்கு அழைத்துப் போனாள். ஆறாவது கொடி அப்படியே இருந்தது. அதன் காய்கள் விதைக்கென்று விட்டபடி முற்றியிருந்தன. “பாட்டி இருந்தா பிடுங்கியிருப்பாங்க. எனக்குக் கை வரலை மாமா” என்றாள்.

மறு வருஷம் அந்த விதைகளில் எட்டை ஊன்றினாள். ஆறு ஊதா, இரண்டு வெள்ளை. எட்டுக் கொடிகளை வைத்து மெண்டலின் கணக்கைச் சரிபார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அந்த இரண்டு வெள்ளைப் பூக்களைப் பார்த்தபோது, குடுக்கையைத் திறக்காமல் போன அத்தை வேறொரு வழியாக அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்றுதான் நினைக்கத் தோன்றியது.

இப்போது என்னிடம் இரண்டு சுரைக்குடுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் அத்தையின் வெள்ளை அவரை. விதைக்கு விடும் பூங்கொத்துகளை, மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுகிறேன். மற்றொன்றில் செங்கல்பட்டிலிருந்து வந்த ஊதா. அதன்மேல் ஒட்டிய சீட்டில் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள்: தாய் செய்யூர் வெள்ளை, தகப்பன் பக்கத்து வீட்டு ஊதாவாக இருக்கலாம், இனியும் மாறும். கேட்பவர்களுக்கு இரண்டிலிருந்தும் கொடுக்கிறேன். சீட்டைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.