காரணம் அறியப்படாத நோய்

உடம்பெடுத்த உயிர்களுக்கு நோய் வருதல் இயல்பு. வந்த நோய்க்குப் பெயரும் காரணமும் உளவாயின் அதனைத் தாங்குதல் ஒருவாறு எளிதாகின்றது. காய்ச்சல் என்று கூறின் கேட்பவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பர். எலும்பு முறிந்ததெனின் கட்டினைக் கண்டு இரங்குவர். பெயரும் காரணமும் புலப்படாத நோயொன்று ஒருவனைப் பற்றியவழியோ, அவன் அந்நோயோடு மட்டுமன்றி, 'இஃது எதனால் வந்தது?' என்னும் வினாவோடும், அவ்வினாவுக்குப் பிறர் கூறும் விடைகளோடும் கூடி வாழவேண்டியவனாகின்றான். அங்ஙனம் விடை கூறுதற்கு நமக்கு உரிமை உண்டோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு என்னை ஏவியது என் தலையே என்று கூறின் அன்பர்கள் நகைப்பர். நகுதலும் தகும். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிடரிக்குச் சற்று மேலே, மயிர் அடர்ந்த இடத்தில், மிளகளவான மேடொன்று தோன்றிற்று. சில திங்களில் அது ஏழெட்டாகப் பெருகிற்று. பகற்பொழுதில் அடங்கியிருந்து, விளக்கணைத்துப் படுத்த அளவிலே தினவெடுக்கத் தொடங்கும். வேப்பெண்ணெய் தடவினேன், சீயக்காயை விடுத்துப் பயற்றமாவு தேய்த்தேன், பின்னர் மருத்துவர் மூவரைக் கண்டேன். முதல்வர் மயிர்க்காலில் உண்டாகும் அழற்சி என்றார். இரண்டாமவர் பொடுகு முற்றியது என்றார். மூன்றாமவர் பொறுமையுடையவர். நாட்பட்ட தினவு சிலபோது சிறுநீரகம், ஈரல், தைராய்டுச் சுரப்பி இவற்றின் குறையாலும் எழும் ஆதலின் குருதியை ஆராய்வித்தார். தோலிற் சிறு துண்டொன்று எடுத்து உருப்பெருக்குக் கண்ணாடியின்கீழ் வைத்தும் பார்ப்பித்தார். முடிவில், 'கொடியது ஒன்றும் இல்லை. பிறர்க்கு ஒட்டுவதும் அன்று. காரணம் விளங்கவில்லை' என்றார். இத்தகைய நோயை மருத்துவ நூலார் இடியோபதிக் என வழங்குவர். கிரேக்கத்தில் அச்சொல்லின் பகுதிகளை நோக்கின் 'தனக்கே உரிய துன்பம்' என்பது போலப் பொருள்படும். அறியாமைக்கு இத்துணை அழகிய பெயர் வேறெந்நூலிலும் யான் கண்டதில்லை. எனினும், அறியேன் என்று கூசாது கூறிய அம்மருத்துவரிடத்தே எனக்கு நன்மதிப்பு மிகுந்தது.

தினவு என்பது நோய்களுட் பெருமையற்றது. வலியுற்றவன் முனகினால் வீட்டார் விழித்தெழுவர். தினவுற்றவன் சொறிந்தால் முகஞ்சுளிப்பர். 1660ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாபென்றெபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சொறியவேண்டும் என்னும் விருப்பத்தை எழுப்பும் இனிமையற்ற உணர்ச்சியே தினவு என்று இலக்கணம் வகுத்தார். மருத்துவ நூல்கள் இன்றும் அதனையே எடுத்தாள்கின்றன. ஒரு நோயை அஃது எழுப்பும் விருப்பத்தைக் கொண்டு வரையறுத்தமை நுட்பமானது. சொறியுங்கால் நகத்தினால் உண்டாகும் சிறுவலி தினவைச் சிறிதுபொழுது மறைக்கின்றது. ஆயின் புண்பட்ட தோலினின்று வெளிப்படும் பொருள்கள் நரம்பின் நுனிகளைக் கிளர்விக்கத் தினவு முன்னையினும் மிகுகின்றது. பன்னாட் சொறிந்த இடம் தடித்து மேடாகும். பின்னர், மேடு தினவைத் தந்ததோ, தினவே மேட்டினைத் தந்ததோ என்று பிரித்தறிதல் அரிது. பிளேட்டோ இயற்றிய கார்கியாஸ் என்னும் உரையாடல் நூலில், இன்பமே நன்மை என வாதித்த கால்லிக்ளீசை நோக்கி, தினவுடையான் ஒருவன் வாழ்நாள் முழுதும் வேண்டுமளவு சொறிந்துகொண்டிருப்பானாயின் அவனை இன்ப வாழ்வினன் என்பாயோ எனச் சாக்ரடீசர் வினவுகின்றார். அப்பெரியார் தினவுற்று அறியார் போலும். இரவு இரண்டு மணிக்கு அவ்வினாவுக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று.

இனி, என்னைக் காணவந்தோர் கூறிய விடைகளுக்கு வருவோம். தண்ணீர் என்றார் ஒருவர். கத்தரிக்காய் என்றார் மற்றொருவர். இவற்றால் எனக்குத் துன்பமில்லை. கத்தரிக்காயை விடுத்தலும் அரிதன்று. ஆனால் நெடுநாள் நண்பர் ஒருவர், கற்றவர், என்பால் அன்புடையவர், திண்ணையில் அமர்ந்து தாழ்ந்த குரலில், 'தலையில் வருவது குருநிந்தையின் பயன் என்பார்கள்' என்றார். அவர் தீய எண்ணத்தோடு கூறினாரல்லர். நோய்க்கு ஒரு காரணம் காட்டினால் எனக்கு ஆறுதலாகும் என்றே கருதியிருப்பர். உள்ளிருந்து என் மனைவி அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு உணவு பரிமாறும்போது, 'நீங்கள் யாரையாவது அப்படிப் பேசினதுண்டோ?' என்று வினவினாள். முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவள் கேட்ட வினா அது. தலையில் இருந்த மேடுகள் அன்று எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

இங்ஙனம் நோயினின்று ஒழுக்கத்தை உய்த்துணரும் வழக்கம் நம் நாட்டார்க்கே உரியது என்று கருதற்க. மறுபிறப்புக் கொள்கை வழங்காத நாட்டிலும் இஃது உண்டு. பிரான்சு நாட்டுப் பெரும்புரட்சிக் காலத்தில், 'மக்கள் நண்பன்' என்னும் இதழை 1789 முதல் நடத்திய ழான் பால் மாரா என்பவர் வரலாறு இதற்கு ஏற்றதொரு சான்றாகும். 1743இற் பிறந்த அவர் தாமே ஒரு மருத்துவர். அரசன் தம்பியின் காவற்படைக்கு மருத்துவராய் இருந்தவர். அத்தகையவர் தம் தோலைப் பற்றிய கொடுந்தினவின் காரணத்தைத் தாமே அறிந்திலர், தீர்க்கவும் அறிந்திலர். இறுதிக் காலத்திற் பெரும்பொழுதை மருந்து கலந்த நீர்த்தொட்டியினுள் அமர்ந்தே கழித்தார். காடியில் நனைத்த துணியைத் தலையிற் சுற்றிக்கொண்டு, தொட்டியின் குறுக்கே பலகையிட்டு, அதன்மேல் தாள்களை வைத்து எழுதுவார். 1793ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், சார்லோத் கோர்தே என்னும் இருபத்துநான்கு வயதுப் பெண் அத்தொட்டியிலேயே அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றார்.

மாராவின் பகைவர், அவர் தோலின் கேடு உள்ளத்தின் கேட்டிற்கு அடையாளம் என்றனர். ஒழுக்கமின்மையால் வந்த மேகநோய் என்று தூற்றியோரும் உளர். அவரைப் போற்றியவர்களோ, மக்கள்பொருட்டுப் பாரிசு நகரின் நிலத்தடிச் சாக்கடைகளில் ஒளிந்து வாழ்ந்தமையால் வந்தது என்றனர். ஒரே தோலைக் கண்டு ஒருசாரார் பாவத்தையும் மற்றொரு சாரார் தியாகத்தையும் படித்தறிந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் நண்பராகிய ஓவியர் தாவித், அவ்வாண்டிலேயே தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், இறந்து கிடக்கும் மாராவின் மேனியை நோயின் சுவடே இன்றி மாசற்றதாக வரைந்து வினாவையே அழித்துவிட்டார்.

குத்துண்டபோது அருகிருந்த இதழின் தாள்களிற் குருதி படிந்தது. அத்தாள்களை அவர் தங்கை காத்துவைத்தார். அவை இன்று பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளன. அக்கறையிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த அறிஞர் குழுவினர் தம் முடிபை 2020இல் வெளியிட்டனர். மேகநோய்க்கோ, தொழுநோய்க்கோ, சிரங்குக்கோ உரிய குறி காணப்படவில்லை. மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சையொன்றின் சுவடே காணப்பட்டது. அதுதானும் நோய்க்குக் காரணமாதல் கூடும் என்றனரேயன்றி, அதுவே என்று அறுதியிட்டாரல்லர். அப்பூஞ்சை மக்கட்குலத்தார் ஏறத்தாழ எல்லார் தோலிலும் வாழ்வது. மாராவைக் கொன்றவர் தலையிலும், தீட்டியவர் தலையிலும் அஃது இருந்திருக்கும். இதனைப் படிப்போர் தலையிலும் இருக்கும். 227 ஆண்டுகள் கழிந்து கிடைத்த விடை இவ்வளவே. மாரா எழுதியவை பலர் உயிரிழத்தற்கு ஏதுவாயின என்று குற்றஞ்சாட்டுவோர் அதனை அவர் எழுத்தினின்றே காட்டுதல் அமையும். அவர் தோலினின்று காட்டுதல் வேண்டா.

அங்ஙனமாயின், நோய் வினைப்பயன் என்னும் நம் கொள்கையைக் கைவிடுவோமோ எனின், அற்றன்று. பழவினையின் ஒரு கூறு பிராரத்தமாய் உடலோடு நுகர வருதலைச் சித்தாந்திகள் யாவரும் உடன்படுவர். ஆயின், அவ்வினை எவ்வாறு வந்து பொருந்துகின்றது என்று நம் நூல்கள் கூறுவதை ஊன்றி நோக்குதல் வேண்டும். வினை சடம் ஆதலின் தானே செய்தவனைத் தேடிச் சென்று சேராது. உயிர் சிற்றறிவினது ஆதலின் தன் வினையைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டனையும் அறிந்து கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்று இறைவனுண்மையை அதனானே நிறுவுகின்றோம். தன் வினையைத் தானே அறியமாட்டாமை உயிரின் இயல்பாயின், அடுத்த வீட்டான் வினையை நம் உயிர் அறிந்தது எங்ஙனம்? இன்ன மேடு இன்ன பாவத்தால் வந்தது என்று கூறுவோன், இறைவனைத் தெளிதற்கு நாம் கொண்ட ஏதுவையே அழிக்கின்றான் என்பதைச் சிந்திப்பாராக. அன்றியும், நோயுற்றவனது நோய் எவ்வினையின் பயன் என்பது நமக்குத் தெரியாது. அதனைச் சுட்டி அவன் உளம் நோக உரைத்தல், உரைப்பவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பது நன்கு தெரியும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரிற் செய்த சபதம் தவறிய காரணத்தாற் கண்ணொளி இழந்தார் என்று புராணம் கூறவில்லையோ என்று ஒருவர் வினவலாம். கூறுகின்றது. ஆனால் ஆண்டுச் சபதத்தைச் செய்தவர் தாமே. அதனைத் தவறியவரும் தாமே. அதனை உணர்ந்து இறைவனை நோக்கி முறையிட்டவரும் அவரே. தன் செயலைத் தானறிந்து தன் ஆண்டவன்முன் வருந்துவது வேறு. பிறனொருவன் திண்ணையில் அமர்ந்து உய்த்துரைப்பது வேறு. மருணீக்கியார் சூலையால் துடித்துத் திருவதிகைக்கு வந்தகாலத்தில், தமக்கையார் திலகவதியார் அவர்க்குத் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். பிறசமயம் புகுந்த தம்பியைக் குற்றங்கூற அவரினும் உரிமை உடையார் யாவர்? கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, இது முன்வினை என்று அமைந்திருத்தலைத் திருஞானசம்பந்தர் ஏற்றுக்கொண்டாரல்லர். உய்யும் வழியை நாடாதிருத்தலே குறை என்னும் கருத்தோடு அப்பதிகம் தொடங்குகின்றது. வினையைப் பேசுவார்க்கு அப்பெரியோரினும் வினையின் இயல்பு மிகுதியாகத் தெரியும் போலும்!

பிறர்மேற் குறை கூறிவிட்டு என் குறையை மறைத்தல் முறையன்று. நண்பர் சொல்லையும் மனைவி வினாவையும் கேட்ட பின்னர், யானும் என் பழைய நாட்களைத் துருவிப் பார்த்தேன். இளமையில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவரது நடையைப் போலவே நடந்துகாட்டி மாணாக்கரைச் சிரிக்கவைத்தது நினைவுக்கு வந்தது. அதுவே காரணம் என்று துணிந்தபோது, அன்பர்கள் நம்பமாட்டார்கள், எனக்கு ஒருவகை நிம்மதி உண்டாயிற்று. குற்றமாவது கையாற் பற்றிக்கொள்ளத்தக்கது, கழுவாய் தேடலாம். அறியாமைக்குக் கைப்பிடி இல்லை. நோயாளர் பலர் 'தெரியவில்லை' என்பதினும் 'நானே காரணம்' என்பதை விரும்பி ஏற்பது இதனாலேயே என எண்ணுகின்றேன். அந்நிம்மதி மூன்று நாள் இருந்தது. பின்னர், அந்நாளிற் சிரித்த மாணாக்கர் முப்பதின்மர் தலைகளும் நலமாயிருத்தல் நினைவுக்கு வர, வேறொரு குற்றத்தைத் தேடத் தொடங்கினேன். தேடியவிடத்துக் குறைவின்றிக் கிடைத்தன. ஒவ்வொன்றும் சிறிது நேரம் சுகமளித்தது. பின்னர் முன்னையினும் மிகுந்து உறுத்திற்று. நகம் செய்யும் தொழிலையே உள்ளமும் செய்வதை அன்று உணர்ந்தேன்.

காரணம் ஆராய்தலையே யான் விலக்குகின்றேன் என்று கொள்ளற்க. மூன்றாம் மருத்துவர் ஆராய்ந்தார், இனியும் ஆராய்வார். மேடு பெருத்தாலும், நிறம் மாறினாலும், புண்ணாகிக் குருதி கசிந்தாலும், உடல் மெலிந்தாலும் உடனே வரவேண்டும் என்று கூறியிருக்கின்றார், வருவேன். அவர் ஆராய்ச்சி சான்று கிட்டாதவிடத்து நின்றது. எங்கள் திண்ணை ஆராய்ச்சியோ சான்று கிட்டாதவிடத்தேதான் தொடங்கிற்று.

இப்பொழுது நகங்களை வாரந்தோறும் ஒட்ட நறுக்கிவிடுகின்றேன். இரவில் தினவு மிக்கால் ஈரத்துணியைப் பிழிந்து பிடரியில் வைத்துக்கொள்வேன். என் மனைவி அதனைச் செம்பு நீரோடு தலைமாட்டில் வைத்துவிட்டே உறங்குவாள். அவள் வினாவுக்கு யான் ஆசிரியரைப் பற்றிய செய்தியைக் கூறினேன். சிரித்துவிட்டு, 'அதற்காகவா இருக்கும்?' என்றாள். அதன்பின் அவள் வினவியதில்லை.

எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் முதியவர் ஒருவர் உளர். திங்கள்தோறும் அவரிடம் செல்வேன். தலையில் மேடுகள் தோன்றிய முதல் திங்களில், பிறிதோரிடத்தில் ஒருவர் என்னைக் கண்டு சீப்பைக் கீழே வைத்துவிட்டார். அதனாலேயே இவரிடம் போகத் தொடங்கினேன். ஒட்டுவதன்று என்று யான் முதலிற் கூறியபோது தலையசைத்தார். மேடுகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அங்ஙனமே செய்கின்றார். கத்தரிக்கோல் அவ்விடத்தை அணுகும்போது அதன் ஒலி மெல்லிதாகி, சுற்றிக்கொண்டு அப்பாற் செல்லும். சென்ற திங்கள், 'ஐயா, ஒன்று குறைந்திருக்கிறது' என்றார். எதனால் வந்தது என்று இந்நான்கு ஆண்டில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எதனால் குறைந்தது என்றும் கேட்கவில்லை.