குப்பைத் தொட்டியோடு கடமை முடிகிறதா?

வீட்டை விட்டு வெளியேறும் பொருளின் மீது வீட்டாருக்குள்ள கடமை எங்கே முடிகிறது என்பது அறவியலின் கேள்வி. சட்டம் அதற்குத் தன் விடையைச் சொல்லிவிட்டது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குபவரே அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியே பொதிந்து தரவும் சொல்லின. சென்னையில் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் இருப்பது இதனால்தான். அப்படியும் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வாசலில் வைக்கும் வீடுகள் ஏராளம். சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. சுத்தம் என்றால் என்ன என்பது பற்றிய பழைய நம்பிக்கை ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

அந்த நம்பிக்கைப்படி, சுத்தம் என்பது எல்லையைக் காப்பது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டால் வீடு சுத்தம். தெருமுனையில் என்ன குவிந்திருக்கிறது என்பது அந்தக் கணக்கில் சேராது. எச்சிலும் மாதவிடாய் ரத்தமும் தீட்டு, ஆகவே கண்ணில் படாமல் விலக்கப்பட வேண்டியவை. மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளியிட்ட நூலில், அழுக்கு என்பது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பொருளே என்று விளக்கினார். தலையில் இருக்கும்வரை முடி அழகு, சோற்றில் கிடந்தால் அருவருப்பு. இந்தப் பார்வையை ஏற்றால், வெளியே தள்ளுவதால் மட்டும் சுத்தம் வந்துவிடாது. காய்கறித் தோல் மண்ணுக்கும், செய்தித்தாள் பழைய பேப்பர் கடைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிகிறது. பிரித்துக் கொடுப்பது, பொருளை அதனதன் இடத்துக்கு அனுப்பும் முதல் படி.

தீட்டைத் தொடாமல் விலக்க முடியாது. யாராவது தொட்டாக வேண்டும். அந்தத் தொடுகையைத் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் மேல் சுமத்தியதுதான் இந்த ஒழுங்கின் கொடுமை. துடைப்பத்தில் லட்சுமி இருக்கிறாள், காலால் மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த வீடுகளே, துடைப்பம் பிடித்துத் தெருக் கூட்டியவரைத் திண்ணையில் உட்காரவிட்டதில்லை. 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் காந்தி தாமே கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தார். அது பெரிய செயல். ஆனால் இன்னும் ஆழமாகச் சென்றவர் அம்பேத்கர். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்கியிருக்கிறது என்று 1936-இல் அவர் எழுதினார். யார் அள்ள வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் வரை, ஒருவர் மனமுவந்து ஒரு நாள் அள்ளுவது அந்த அடுக்கை அசைக்காது.

பிரிக்காத ஒரு கவர் வண்டியில் அவிழும்போது இந்தக் கேள்வி வெறும் தத்துவமாக இருப்பதில்லை. மேலே சாம்பார் ஊறிய சோறு. அதற்குள் பால் கவர், முட்டை ஓடு, உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு, தாளில் சுற்றாத நாப்கின், சவர பிளேடு. தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிளறித்தான் பிரிக்க வேண்டும். மெல்லிய கையுறையைச் சில்லு கிழித்துவிடும். வீட்டார் தொடக் கூசியதை, கூலிக்கு வந்தவர் இரு மடங்கு தொடுகிறார்.

முன்பு வீடுகளில் பிரிப்பதே இல்லை என்பதும் சரியல்ல. கழுநீர் மாட்டுக்குப் போனது, சாம்பலும் சாணமும் எருக்குழிக்குப் போயின. அன்று எறிந்தவை பெரும்பாலும் மக்கின, அதனால் பொறுப்பு தானாகவே கழிந்தது. போகி நெருப்பில் பழைய பாய் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் நச்சுப்புகை குழந்தைகளின் நெஞ்சில் இறங்கும். சடங்கு மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. பழையன கழிவதைப் புனிதமாகக் கருதும் மரபு, கழித்தது எங்கே போகிறது என்று கேட்கவும் கடமைப்பட்டது.

பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்ற மறுப்பு எங்கும் கேட்கிறது. பல இடங்களில் அது உண்மையும்கூட. பயன் இல்லாத கடமை கடமைதானா? இங்கே இரண்டு கடமைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று, அள்ளும் கைக்குச் செய்ய வேண்டியது. சில்லைத் தாளில் சுற்றி அடையாளம் வைத்துக் கொடுத்தால், லாரி பின்னால் என்ன செய்தாலும் வாசலில் அந்தக் கை கிழிபடாது. இந்தக் கடமை உடனே பலன் தருகிறது, சாக்குச் சொல்ல இடமில்லை. மற்றது நிலத்துக்குச் செய்ய வேண்டியது. அதை வீடு தனியாக நிறைவேற்ற முடியாது, மாநகராட்சியும் தன் பங்கைச் செய்தாக வேண்டும். பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட சென்னையின் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பகுதி. 2022-இல் அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. புகையைச் சுவாசித்தவர்கள் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அந்தக் குப்பையில் பெரும்பகுதி வேறு தெருக்களுடையது.

எந்தத் தொட்டியிலும் சரியாகச் சேராத பொருள்களும் உண்டு. ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர் போன்றவை பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படுபவை. அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம், காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். வீட்டார் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் அவை கிடங்குக்கே போகும். அங்கே கடமை, வாங்கியவரிடமிருந்து தயாரித்தவரிடம் திரும்புகிறது. 2016-இன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலும் சுமத்தின.