கடைசியாகத் தொட்டவன்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். காக்கைமேல் பழி போடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கவும் தெரியும். ஆனால் நம் வீட்டில் ஏதாவது ஒன்று நின்றுபோனால், முதல் வேலையாகக் காக்கையைத்தான் தேடுகிறோம். யார் கடைசியாகத் தொட்டது?

புதிய பாகங்கள் பொருத்திய ஒரு மேசைக் கணினியை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி வந்துவிட்டு அதுவும் அணைந்துபோகிறது. இந்த நிமிடத்தில் நமக்கு உண்மையிலேயே என்ன தெரியும்?

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறான். அறிவு நமக்கு வந்துசேரும் வழிகள் அவை. அதில் ஒன்று அபாவம்: ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. ‘ஓரிடத்தில்’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. இல்லாமையும் ஓர் அறிவுதான், ஆனால் அந்த இடத்தின் எல்லையைத் தாண்டி அது பேசாது. இருண்ட திரை சொல்வது ‘படம் இங்கே வரவில்லை’ என்பதை மட்டும். ‘செத்துப்போச்சு’ என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட வாக்கியம்.

படம் வழியில் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய கேபிளைத் தாய்ப்பலகையில் செருகியிருக்கலாம். செயலிக்குள் படம் வரையும் பகுதி இல்லாவிட்டால் அந்தத் துளையிலிருந்து எதுவும் வராது. ரேம் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருக்கலாம். இன்னும் வேடிக்கை, டிடிஆர்5 ரேம் போட்ட கணினி முதல் தடவை எழும்போது நினைவகத்தோடு தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாதவர் அணைத்து அணைத்துப் போடுவார், அது பாவம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தைத்தான் நாம் மரணம் என்று எழுதிவைக்கிறோம்.

தானா ராத்தாவில் எனக்குத் தெரிந்த டியூஷன் ஆசிரியர் ஒருவர் தன் பழைய கணினிக்குப் புதிய செயலியும் ரேமும் வாங்கினார். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு தம்பி, பத்தொன்பது வயது, கூலிக்குப் பொருத்திக் கொடுத்தான். திரை வரவில்லை. “நல்லா ஓடிக்கிட்டிருந்த பெட்டி சார் இது” என்று அவன் சொன்னது எடுபடவில்லை. புது ரேமை எடுத்துக்கொண்டு பழசைப் போட்டுவிட்டான் என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. கூலியும் நின்றது. நான் போய்ப் பார்த்தபோது செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய செயலியைத் திரும்பப் போட்டேன், புது ரேமை அப்படியே விட்டேன். படம் வந்தது. தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் புதுச் செயலியைப் போட்டோம். அதுவும் ஓடியது.

அப்படியானால் குற்றவாளி யார்? செயலி நல்லது. பலகை நல்லது. பொருத்தியவனும் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறான். பலகைக்குள் எழுதப்பட்டிருந்த பயாஸ் அந்தச் செயலி பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டது. வந்தது யாரென்று அதற்குத் தெரியவில்லை. இது அபூர்வமும் இல்லை. பி450 வகைத் தாய்ப்பலகைகள் 2018இல் வந்தவை, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. பழைய பயாஸோடு இரண்டையும் சேர்த்தால் விசிறி சுற்றும், திரை வராது. பயாஸைப் புதுப்பிக்கத் திரை வேண்டும், திரை வரப் பயாஸ் புதுப்பிக்க வேண்டும் என்ற சிக்கல் வேறு. 2018இல் இதே மாதிரியான நிலையில் மாட்டியவர்களுக்கு ஏஎம்டி நிறுவனமே ஒரு செயலியைக் கடனாக அனுப்பிவைத்தது. தனித்தனியாக எல்லாம் நல்லவை, சேர்ந்த இடத்தில்தான் பிழை. நம் நீதியுணர்ச்சிக்கு இது பிடிப்பதில்லை. பிழை இருந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும் அதற்கு.

பியர் துயெம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1906இல் வந்த தன் நூலில் இதையே அறிவியலைப் பற்றிச் சொன்னார். ஒரு சோதனை தோற்றால், தோற்றது தனியொரு கருதுகோள் இல்லை. கூட இருந்த எல்லாமும் சேர்ந்து தோற்றன. எது காரணம் என்று சோதனை விரல் நீட்டாது. அவர் இரண்டு பேரை ஒப்பிடுகிறார். கடிகாரம் பழுதுபார்ப்பவர் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். மருத்துவர் நோயாளியைக் கழற்ற முடியாது. முழு உடம்பின் அறிகுறிகளை வைத்தே ஊகிக்க வேண்டும்.

‘கடைசியாக என்ன மாறியது?’ என்று கேட்பதே தப்பா? இல்லை. பொறியியலில் அதைவிட நல்ல முதல் கேள்வி கிடையாது. பழைய நிலைக்குத் திரும்பு, ஒவ்வொன்றாக மாற்று என்பதுதான் நாங்கள் படித்த பாடமும். ஆனால் அது தேடலைத் தொடங்கும் இடம். தீர்ப்பை எழுதும் இடமில்லை. அந்த ஆசிரியர் கேட்ட கேள்வி சரியானது. அதைக் கேள்வியாகவே கொஞ்ச நேரம் வைத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

இல்லாமை கண்முன் நின்றால் மனசு சும்மா இருப்பதில்லை, கதை கட்டும். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பக்கத்து மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனார், திரும்பவில்லை. ராணுவம், போலீஸ், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று காட்டைச் சலித்தும் தடயமே கிடைக்கவில்லை. புலி அடித்தது, கடத்திவிட்டார்கள், தானாகவே மறைந்துகொண்டார் என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கதைகள் மட்டும் குறையவில்லை. அளவைவாதியைக் கேட்டிருந்தால் ஒரே வரிதான் சொல்லியிருப்பான்: தேடிய இடத்தில் அவர் இல்லை.

கணினியிடம் அவசரப்பட்டால் நஷ்டம் சில நூறு ரிங்கிட்டோடு போய்விடும். மனிதரிடம் அப்படியில்லை. பதில் அனுப்பாத நண்பன், பேசுவதை நிறுத்திய தங்கை, பணம் குறைந்த கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பையன்: இவர்களில் யாரையும் கழற்றி, வேறொரு பாகத்தை மாட்டிச் சோதிக்க முடியாது. இங்கே நாம் எல்லாரும் துயெமின் மருத்துவர்கள்தான். கழற்றிப் பார்க்கக்கூடிய பெட்டிக்கே அரை மணி நேரப் பொறுமை தேவைப்படுகிறது என்றால், கழற்ற முடியாத ஆளுக்கு எவ்வளவு தர வேண்டும்?

அந்தத் தம்பிக்குக் கூலி கிடைத்துவிட்டது. ரேமைப் பற்றிச் சொன்ன வார்த்தையை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திரை வந்ததோடு விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிழை தீர்வதும் பழி தீர்வதும் வேறு வேறு வேலைகள். முதல் வேலைக்குப் பயாஸ் போதும். இரண்டாவதை ஒருவர் வாயைத் திறந்துதான் செய்ய வேண்டும்.