பிடரியில் ஒரு துளி

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், விடியுமுன்பே வேலியோரத்து உண்ணிச்செடிப் புதர்களில் புகுந்து திரிந்துவிட்டு எங்கள் வீட்டுப் பூனை திண்ணைக்கு வந்து முகம் துடைத்துக்கொள்ளும்போது, அதை மடியில் இருத்தி, காதின் அடிப்புறம், மோவாய், கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்று ஒவ்வோர் இடமாக மயிரை விலக்கிப் பார்ப்பதை நான் ஒரு நித்திய கர்மமாகவே கொண்டிருக்கிறேன். உண்ணி கடித்த உடனேயே நோய் ஏறிவிடுவதில்லை. பல நோய்கள் தொற்றுவதற்கு அது மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், அன்றன்று பார்த்து எடுத்துவிடுவதே பாதி வைத்தியமாகும்.

அப்படி ஒருநாள், இடக்காதின் பின்னால் மிளகளவு உப்பி, சாம்பல் நிறத்தில் ஓர் உண்ணி இருந்தது. எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் அதனை வயிற்றிலுள்ளதைக் கக்கச் செய்து நோயை உள்ளே செலுத்திவிடக்கூடும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்திருந்தபடியால், இடுக்கியின் முனையைத் தோலோடு ஒட்ட வைத்து, முறுக்காமல், நேராக, நிதானமாக இழுத்தேன். வந்துவிட்டது. உள்ளங்கையில் மல்லாந்து கிடந்த அதன் எட்டுக் கால்களும், பற்றிக்கொள்ள எதையோ தேடிக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.

வேலிக்கு அப்பால் நின்றிருந்தார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாதவர்.

"அதை என்ன செய்யப் போகிறீர்கள், தம்பி?"

"ஸ்பிரிட்டில் போட்டுவிடுவேன், ஐயா."

"அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் மறுமொழி சொல்வது எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

சமண சாஸ்திரம் எறும்பு, பேன் முதலியவற்றைத் தொடுவுணர்ச்சி, சுவை, மோப்பம் என்ற மூன்று புலன்களுடைய உயிர்களாக வகுக்கிறது; பூனைக்கோ நம்மைப்போல் ஐம்புலன்களும் உண்டு. மூன்றைவிட ஐந்து பெரிது என்று கணக்குப் பார்த்து இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாமென்று தோன்றும். ஆனால் புல்நுனியில் முன்னங்கால்களை நீட்டியபடி, அக்கால்களிலேயே அமைந்த ஓர் உறுப்பால் வரும் பிராணியின் மூச்சை மோந்தறியும் பொருட்டு, உணவின்றி மாதக்கணக்கில் தவங்கிடக்கும் ஒரு ஜந்துவிடம், "உனக்கு இரண்டு புலன்கள் குறைவு, ஆகையால் சாகலாம்" என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அதனிடம் துவேஷம் என்பதே கிடையாது. தான் சுமக்கும் நோயைப் பற்றி அது அறியாது. அதைக் கண்டறிய மனிதனுக்கே வெகுகாலம் ஆயிற்று. டெக்ஸாஸ் மாட்டுக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணியே என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது 1893-இல்தான்.

அமெரிக்காவில் சைட்டாக்ஸூன் என்றொரு இரத்த நோய் உண்டு. 1976-இல், மிஸௌரி மாகாணத்துப் பூனைகளைக் கொண்டு, அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அங்கே பாப்காட் என்னும் காட்டுப்பூனையின் உடலில் அந்தக் கிருமி பெரும்பாலும் கேடு விளைக்காமல் தங்கியிருக்கிறது; அதே கிருமி உண்ணியின் வழியாக வீட்டுப் பூனையை வந்தடையும்போது, கடுஞ்சுரமும் மஞ்சள் காமாலையும் கண்டு, சிகிச்சையில்லாவிடில் சில நாட்களிலேயே உயிர் போய்விடுவதே அதிகம். காட்டுப்பூனையும் உண்ணியும் கிருமியும் தமக்குள் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்ட அந்த வனத்தின் ஓரத்தில், வீட்டுப் பூனையைக் கொண்டுபோய் விட்டவன் மனிதன். இயற்கை தன் வழியே நடக்கட்டும் என்று கைகட்டி நிற்கும் உரிமை, அதைப் பாலூற்றி வாசலுக்கு அழைத்த கணத்திலேயே நமக்கு இல்லாமற் போய்விட்டது என்பது என் திடமான அபிப்பிராயம். அடைக்கலம் என்பது பட்சபாதம் கலந்த சொல். எல்லா உயிர்க்கும் சமமாக அதனை வழங்க இயலாது.

1926-இல் அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்ததைக் குறித்து எழுந்த சர்ச்சையிலும், 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த கன்றுக்கு ஊசியிட்டு முடிவு தரச் செய்தபோதும், செயலற்றிருப்பதும் ஹிம்சையாகலாம் என்று காந்தியடிகள் வாதாடினார். பலர் அவரைக் கடிந்தனர். அந்த வாதம் மிகச் சுலபமாகத் துர்விநியோகப்படும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. எனினும், பூனைக்கு உடம்பு கொதிக்கும்போது நான் பேணிய நடுநிலைமை எவருக்குக் காருண்யமாகும் என்ற கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து விடை வந்ததை நான் கேட்டதில்லை.

காருண்யம் மட்டும் போதாது என்பதை ஒரு நண்பர் வீட்டில் கண்டேன். நாய்க்கென்று வாங்கிய உண்ணி மருந்தை, அன்பின் மிகுதியால், அவர் பூனைக்கும் தடவிவிட்டார். அதில் பெர்மெத்ரின் இருந்தது. பூனையின் கல்லீரலுக்கு அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி போதாது. நடுக்கமும் வலிப்பும் கண்டு இரவு முழுவதும் துடித்து அது இறந்தது. பூனைக்கென்றே அமைந்த மருந்தை, அதன் எடைக்கேற்ற அளவில், மருத்துவரைக் கேட்டே இட வேண்டும் என்ற சிறு ஞானம் அந்த அன்புக்குத் துணையாக இருந்திருக்கலாகாதா என்று இன்றும் மனம் புழுங்குகிறது.

அந்த மருந்தை இடும் இடம் பிடரி. மற்றெங்கு இட்டாலும் பூனை நக்கிவிடும். அங்கே அதன் நாவு எட்டாது. உண்ணிகள் விரும்பி ஒட்டுவதும் பெரும்பாலும் நாவெட்டாத அத்தகைய இடங்களிலேதான். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்கும் இடமும் அதுவே. குட்டி தன் முயற்சி ஏதுமின்றித் தளர்ந்து தொங்க, தாயே அதைக் கொண்டு சேர்ப்பதைப் பகவானின் கிருபைக்கு உவமையாக்கி, மார்ஜார நியாயம் என்று தென்கலை வைஷ்ணவர் போற்றுவர். தன்னால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஓரிடம் ஒவ்வொரு ஜீவனுக்கும் உண்டென்றும், அங்கே பிறிதொன்றின் பற்றுதலே ரட்சையாகிறதென்றும் நான் அந்த நியாயத்தைப் பொருள் கொள்கிறேன், ஆசாரியர்கள் பொறுப்பார்களாக.

ஆயினும் அந்தத் துளி கொலையை நீக்கிவிடவில்லை, என் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. புதரிலிருந்து ஏறிய உண்ணி எங்கோ சுருண்டு விழுவதை நான் பார்ப்பதில்லை. ஆகையால், ஈரமின்றி உண்ணி பிழையாது என்றறிந்து, வேலியோரத்துப் புல்லைக் குறைத்து, சருகைக் கூட்டி, வெயில் படச் செய்வதை இப்போது முதல் வேலையாகச் செய்கிறேன். முட்டையிட்டுப் பெருகாத உண்ணியை எவரும் கொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். இல்லறத்தானுக்கு அணுவிரதமே விதி, துறவியின் மகாவிரதம் அவனுக்கில்லை என்பதை அவர் எனக்குச் சொல்லித் தேற்றியிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே: "செய்யும்போது, அது ஹிம்சை என்று தெரிந்தே செய்கிறீர்களா?"

"தெரிந்தேதான், ஐயா."

அவர் தலையசைத்து, கீழே கிடந்த சருகு ஒன்றை எடுத்து வேலிக்கு வெளியே போட்டார். பிடரியில் மருந்தின் ஈரத்தால் மயிர் பிரிந்து நின்ற பூனை, என் மடியிலிருந்து குதித்து, மறுபடியும் அந்த உண்ணிச்செடிப் புதரை நோக்கி நடந்தது.